சதுரம் சரியும், முக்கோணம் தாங்கும்

பாலி பிரிட்ஜ் 2 விளையாட்டில் முதன்முதலில் பெரும்பாலானோர் போடுவது ஒரே மாதிரிப் பாலம்தான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராகச் சாலை, அடியில் கட்டம் கட்டமாக மரச்சட்டம். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். வண்டி ஏறியதும் கட்டங்கள் சாய்ந்து, எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அதே கட்டங்களுக்குக் குறுக்கே தலா ஒரு சட்டம் கொடுத்தால் பாலம் நிற்கும். பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவமும் மாறாது. சதுரத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் இந்த விஷயத்தை இந்த விளையாட்டு விரல் நுனியில் உணர வைக்கிறது.

நியூசிலாந்தின் டிரை காக்டஸ் நிறுவனம் இதை 2020-ல் வெளியிட்டது. மரம், எஃகு, கயிறு, கேபிள், ஹைட்ராலிக் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பட்ஜெட்டுக்குள் முடிக்க வேண்டும். கயிறு இழுப்பை மட்டுமே தாங்கும், அழுத்தினால் தொய்ந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது நிறம்தான். வண்டி நகர நகர, பளு ஏறும் சட்டம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. நடுவில்தான் உடையும் என்று காத்திருப்போம். பல நேரம் கரையை ஒட்டிய சட்டம் முதலில் சிவக்கும். எடை எந்த வழியாகக் கரைக்கு இறங்குகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். இந்தப் பாகத்துக்கென்றே தனி இயற்பியல் எஞ்சின் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஒரு பாலம் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட முடியாது.

கப்பலுக்கு வழிவிட வேண்டிய நிலைகள் வந்ததும் பாம்பன் ரயில் பாலம்தான் ஞாபகம் வரும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியை எதிர் எடைகளும் மின் மோட்டார்களும் உயர்த்துகின்றன; இங்கே அந்த வேலை ஹைட்ராலிக்குக்கு. இதே வகையில் 2008-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் கூ இதைவிட அழகான விளையாட்டு, ஆனால் அதில் கையின் வேகமும் வேண்டும். நின்று நிதானித்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு பாலி பிரிட்ஜ்தான்.

இரண்டு குறைகள் உண்டு. எங்களைப் போல மும்பை சுனாபட்டியில் இருப்பவர்களுக்கு இரண்டுமே சட்டென்று தெரியும். நம்ம பேட்டையிலிருந்து பிகேசி (பாந்த்ரா-குர்லா வளாகம்) போகும் 1.6 கிலோமீட்டர் மேம்பாலம் 2019 நவம்பரில் திறந்தது. ரயில் தண்டவாளங்களுக்கு மேலே அதைக் கட்டியபோது, பாதி முடிந்த நிலையிலும் அது தன் காலில் நிற்க வேண்டியிருந்தது. விளையாட்டிலோ அந்தரத்தில் சட்டங்களை வரைந்து வைத்துக்கொண்டே போகலாம், முடிக்கும்வரை எதுவும் விழாது. இன்னொன்று, காலம். 1912-ல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் இடிப்பதற்காக மூடினார்கள். உப்புக்காற்று, துரு, வருஷா வருஷம் மழை, நூறாண்டுப் போக்குவரத்து, இவை எதற்கும் இந்த விளையாட்டில் இடமில்லை. இனி வரும் ஏதாவது ஒரு பாகத்தில் துரு வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

போனில் இரண்டு முனைகள் நெருங்கி வந்தால் விரல் பக்கத்து முனையைப் பிடித்துவிடுகிறது. டேப்லெட்டோ லேப்டாப்போ இருந்தால் அதிலேயே வாங்குங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் கொடுங்கள். குறுக்குச் சட்டத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே வாயைத் திறக்காதீர்கள்.