சேர்கன் புரோ: வேகத்தை அளந்த பிறகு திறக்க வேண்டிய மென்பொருள்

ரைஃபிள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சுடும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உண்டு. வெடிமருந்தின் அளவையும் குண்டின் எடையையும் மாற்றி மாற்றி, எது எவ்வளவு தாழ்ந்து போகிறது என்று ஒப்பிடுவார்கள். இங்கே இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுவது 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். அதில் மருந்து கிடையாது, ஈயப் பெல்லட் மட்டும்தான். ஆனாலும் எந்த எடை, தலை விட்டம் 4.51ஆ 4.52ஆ என்று தேடுவதும், நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்பதும் அதே வேலைதான்.

அந்தத் தேடலுக்கு, பெல்லட் போகும் பாதையைக் கணக்கிடும் ஹாக் நிறுவனத்தின் சேர்கன் புரோவைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். சுட்டுப் பார்ப்பது ஓசூரை அடுத்த சானமாவு பக்கம் நண்பருடைய காலி ஷெட்டுக்குள். வெளியே சுடுவதில்லை. பக்கத்திலேயே காப்புக்காடு, பனிக்காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் வந்து தங்கும் இடம். அங்கே ஏர்கன்னோடு திரிவதே தப்பு என்பேன். மயிலையோ முயலையோ சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும், பாயவும் வேண்டும்.

10 மீட்டர் போட்டிக்கு இந்த மென்பொருள் தேவையில்லை. தூரம் மாறாதபோது பாதையைப் பற்றிய கவலையும் இல்லை. 25 மீட்டரைத் தாண்டினால்தான் இதன் அருமை தெரியும். இரண்டு பெல்லட்டுகளின் பாதைகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 0.55 கிராம் பெல்லட் நொடிக்கு 229 மீட்டரில் கிளம்புகிறது, 0.67 கிராம் பெல்லட் 205 மீட்டரில்தான். ஆனால் 40 மீட்டரை எட்டும்போது இரண்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. கனமானதைக் காற்று அவ்வளவு எளிதில் தடுப்பதில்லை. இரண்டையும் 25 மீட்டரில் குறி சரியாக விழும்படி ஜீரோ செய்தால், 40 மீட்டரில் கனமானது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்கிறது, அவ்வளவுதான். வேகத்தைப் பார்த்து லேசான பெல்லட் வாங்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

எரிச்சல் வேறிடத்தில். என் ரைஃபிளின் பெட்டியில் போட்டிருந்த வேகம் நொடிக்கு 305 மீட்டர். மிக லேசான கலப்புலோகப் பெல்லட்டில் எடுத்த எண்ணைப் பெட்டியில் அச்சிடுவது இந்த வியாபாரத்தில் சகஜம். நாம் போடுவதோ ஈயம். அந்த எண்ணைக் கொடுத்தால், 40 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் தாழும் என்கிறது கணக்கு. அட்டையில் விழுந்தது நாலரை சென்டிமீட்டர் கீழே! குரோனோகிராஃப் என்ற வேகம் அளக்கும் கருவியில் அளந்த எண்ணைக் கொடுத்த பிறகு, கணக்கும் ஓட்டையும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போயின.

ஓசூர் மேட்டின் உயரத்தைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், சென்னையைவிடக் காற்று பத்தில் ஒரு பங்கு லேசு. போட்டுப் பார்த்தேன்: 40 மீட்டரில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். அதை மறந்துவிடலாம்.

சேர்கன் புரோவை நம்பலாம், அளந்த எண்ணைக் கொடுத்தால். புது ஸ்கோப்புக்குச் சேர்த்து வைத்த பணம் இருந்தால், அதில் முதலில் ஒரு குரோனோகிராஃப் வாங்குங்கள்.