சும்மா ஒரு தாவல்

பனிச்சறுக்குப் பலகையில் தாவி அந்தரத்தில் சுழலும் பிக் ஏர் போட்டி, அதன் இறுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சி. கடைசிப் பத்து நிமிடம். எல்லோரும் தங்கள் கைவசம் உள்ள மிகப் பெரிய சுழற்சியை ஒருமுறை போட்டுப் பார்த்து, நடுவர்கள் கண்ணிலும் பட்டுவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். ஒருவர் மட்டும் பலகையை நேராக விட்டு, அரைச் சுற்றுகூட இல்லாமல் தாவி, இறங்கி, ஓரமாகப் போய்விடுகிறார். வர்ணனைப் பெட்டியில் உடனே தீர்ப்பு தயார்: கோடையில் உழைப்பு போதவில்லை, போன சீசனில் விழுந்த பயம் தெளியவில்லை, வயது ஏறுகிறது. ரசிகர்களும் மறுநாள் அதையே ஒப்பிக்கிறார்கள்.

நான் இந்த ஆளின் கட்சி. நடுநிலை வேஷம் எனக்குப் பொருந்தாது. பெயர் சொல்லப் போவதில்லை. பிக் ஏரும் ஸ்லோப்ஸ்டைலும் தவறாமல் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும். இந்தப் பத்தியில் அவர் 'நம்மவர்'. பயிற்சியின் முதல் தாவலை எல்லோரும்தான் சுற்றாமல் போடுகிறார்கள். தளத்தின் வேகம் பார்க்க அது வழக்கம். நம்மவர் அதைக் கடைசியில் இன்னொரு முறை செய்கிறார். அதுதான் யாருக்கும் புரிவதில்லை. பனி சரியாக அமையாத சீசன் தொடக்கத்தில் அதைவிடக் கெட்டிக்காரத்தனமான முடிவு வேறு இல்லை என்பேன்.

முதலில் தரை நிலவரம். அக்டோபர், நவம்பரில் திரையில் தெரியும் வெள்ளையில் வானத்திலிருந்து விழுந்தது சொற்பம். சுற்றிலும் பழுப்புப் புல்லும் பாறையும் கிடக்க, நடுவே இயந்திரம் பீச்சிய பனியில் ஒரு பட்டை. கொலராடோவில் அரபஹோ பேசின், லவ்லேண்ட், கீஸ்டோன் ஆகியவை யார் முதலில் திறப்பது என்று அக்டோபரிலேயே முண்டியடிக்கும். திறப்பது பெரும்பாலும் அப்படி ஒரே ஒரு பட்டையைத்தான். மொத்தக் கூட்டமும் அதில் இறங்குவதால் அங்குள்ளவர்கள் அதற்கு 'வெள்ளைச் சாவு ரிப்பன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

புதிதாக விழுந்த இயற்கைப் பனி கனமீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும், பல நேரம் அதற்கும் குறைவு. இயந்திரப் பனி 400 முதல் 500 கிலோ. இயற்கைப் பனி கிளை விரித்த படிகம். இயந்திரம் தருவதோ உறைந்த நீர்த்துளி, உருண்டை. அது சீக்கிரம் இறுகும், பலகையின் மெழுகைச் சுரண்டி எடுக்கும், விழுந்தால் எலும்பைப் பதம் பார்க்கும். அதைத் தயாரிக்கவும் காற்றின் ஈரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி வாக்கில் இறங்க வேண்டும். சீசன் தொடக்கத்தில் அந்தக் குளிர் பல இடங்களில் ராத்திரி சில மணி நேரம்தான் கிடைக்கும். கிடைத்த நேரத்தில் பீச்சித் தள்ளுவார்கள். குவியலை ஒன்றிரண்டு நாள் விட்டு ஈரம் வடிய வைக்க வேண்டும். அவசரத்தில் அதற்கும் பொறுமை இருக்காது, பரப்பிவிடுவார்கள். அதனால் ஒரே ஓடுதளத்தில் ஓரிடம் வழுக்கும், அடுத்த பத்தடி பிடித்து இழுக்கும்.

இப்படிப்பட்ட தரையில் ஆட்டத்தின் மையக் கேள்வி எத்தனை சுற்று என்பது அல்ல, எவ்வளவு வேகம் என்பதுதான். தாவுமுனையை விட்ட பிறகு வேகத்தில் கைவைக்க வழியில்லை. குறைவாக வந்தால் நக்கிளில் விழ வேண்டும். தட்டையான பகுதி முடிந்து இறங்குசரிவு தொடங்கும் விளிம்பு அது, முழங்காலும் முதுகும் வாங்கிக்கட்டிக்கொள்ளும் இடம். கூடுதலாக வந்தால் சரிவையே தாண்டிச் சமதரையில் போய் அறைய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பத்திரமாக இறங்கக் கிடைப்பது சில மீட்டர்தான். பனி போதாத வாரங்களில் அந்தச் சில மீட்டரிலும் கைவைக்கிறார்கள் என்பது என் நெடுநாள் புகார். தாவுமுனை படத்தில் கம்பீரமாகத் தெரியும், அதைக் குறைக்க யாருக்கும் மனசு வராது. இறங்குசரிவின் நீளத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? நம்மவர் கவனிக்கிறார்.

மற்றவர்கள் ஏன் கவனிப்பதில்லை? கோடையில் எங்கே கற்றார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஜப்பானில் தொடங்கிப் பல நாடுகளிலும் இப்போது பிளாஸ்டிக் விரித்த ஓடுதளமும் இறங்கக் காற்றடைத்த மெத்தையும் கொண்ட பயிற்சி இடங்கள் வந்துவிட்டன. புதிய சுழற்சிகளை உடம்பு பழகுவது அங்கேதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிளாஸ்டிக்கின் வேகம் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. அங்கே ஆயிரம் முறை தாவினாலும் பனியைப் படிக்க வராது. செப்டம்பரில் மெத்தைமேல் 1800 டிகிரி, அதாவது ஐந்து சுற்று, இறக்கியவர் அக்டோபரில் பனிமேல் அதே 1800-ஐ வீசும்போது துணிச்சல் என்று கைதட்டுகிறோம். அவருக்குச் சுழற்சி தெரியும், வேகம் தெரியாது. நம்மவருக்கும் சுழற்சி தெரியும், வேகம் தெரியாது. ஆனால் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுஒளிபரப்பில் தேடினால் ஓரத்தில் சில நொடிகள் சிக்கும். மேலே வரிசையில் நிற்கும்போது நம்மவர் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து, ஒரு பிடி பனியை எடுத்து இறுக்குவார். கொழுக்கட்டை மாவு போல உருண்டு நின்றால் ஈரம் அதிகம், பலகை இழுபடும். பொலபொலவென்று உதிர்ந்தால் ஓடும். பிறகு உப்பு போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். உப்பு மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கும். அந்த உருகலுக்கு வேண்டிய வெப்பம் சுற்றியுள்ள பனியிலிருந்து உறிஞ்சப்படுவதால் தளம் இறுகிவிடும். பத்து நிமிடத்துக்கு முன் மந்தமாக இருந்த ஓடுதளம் திடீரென்று வேகம் பிடிப்பது இதனால்தான்.

அப்புறம் நிழல். டிசம்பரில் சூரியன் தாழவே நகரும். ஓடுதளத்தின் மேல்பாதி நிழலில், கீழ்ப்பாதி வெயிலில். நிழலில் பாய்ந்து வரும் பலகை வெயில் பட்ட ஈரத்துக்குள் நுழைந்ததும் சட்டென மட்டுப்படும், உடம்பு முன்னால் சாயும். அந்த நேரத்தில் ஐந்து சுற்றுக்காகத் தோளை முறுக்கத் தொடங்கியிருப்பவரின் கதியை எண்ணிப் பாருங்கள். சுழலாமல் தாவுகிறவருக்கு இதெல்லாம் காலில் தெரிகிறது. கண் முழு நேரமும் கீழேயே இருப்பதால், நக்கிளிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தோம், பனிமேல் தெளித்திருக்கும் நீலச் சாயக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, முன்னால் போனவர்கள் தோண்டிவிட்ட பள்ளம் எந்த ஓரத்தில் என்று எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு வரலாம். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் நடுவே ஆழம் பார்த்துவிட்டு வருகிறவர் இவர்.

ஏன் கடைசிப் பத்து நிமிடத்தில்? பல இடங்களில் இறுதிச் சுற்று விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. வெயில் போனதும் பகல் முழுக்க ஊறிய ஈரம் உறையத் தொடங்கும். மூன்று மணிக்குக் கணித்த வேகம் ஆறு மணிக்குச் செல்லாக்காசு. போட்டி நேரத்துப் பனிக்கு மிக நெருங்கிய பனி பயிற்சியின் கடைசியில்தான் கிடைக்கும். மற்றவர்கள் அந்த நேரத்தைத் தன்னம்பிக்கைக்குச் செலவழிக்கிறார்கள், நம்மவர் தகவலுக்கு. ஈரப் பனியில் பலகையை ஓட வைத்த ஃபுளோரின் மெழுகைச் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2023-24 சீசனிலிருந்து தடை செய்துவிட்டது. அந்தக் குறுக்கு வழி மூடிய பிறகு இந்தத் தகவலின் மதிப்பு இன்னும் ஏறியிருக்கிறது.

போட்டியிலும் இதே புத்தி. மூன்று தாவலில் சிறந்த இரண்டு கணக்கில் சேரும், அவை வெவ்வேறு திசையில் சுழன்றிருக்க வேண்டும். நம்மவரின் முதல் தாவல் அடக்கமாக இருக்கும்: மூன்றரைச் சுற்று, சுத்தமான இறக்கம். ஓடுதளத்தில் வேகம் மிஞ்சுவது போலத் தெரிந்தால் பலகையைக் குறுக்கே திருப்பி ஒரு தேய்ப்பு. அதைத் தயக்கம் என்கிறார் வர்ணனையாளர். மிஞ்சிய வேகத்தைத் தேய்க்கலாம். குறைந்த வேகத்தை எங்கே போய்க் கடன் வாங்குவது? சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் அக்டோபரில் நடந்தது போலச் சாரம் கட்டி எழுப்பிய தளங்களில் இன்னும் மோசம். மலையிலாவது ஓட்டம் தொடங்கும் புள்ளியைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்க்கலாம். சாரத்தில் உச்சிக்கு மேல் ஆகாயம்தான்.

எதிர்க்கட்சி வாதம் எனக்குத் தெரியும். 2025 ஜனவரியில் ஆஸ்பென் எக்ஸ் கேம்ஸில் 2340 இறங்கிவிட்டது, ஆறரைச் சுற்று. இந்தக் காலத்தில் 1260-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார்கள். அது ஜனவரி, அது ஆஸ்பென். குளிர் நிலைத்து, தளம் முதிர்ந்து, வேகம் எல்லோருக்கும் பிடிபட்ட பிறகு நடந்தது. அக்டோபர்ச் சாரத்தை அதே அளவுகோலால் அளப்பது நியாயமில்லை. நடுவர்கள் பார்ப்பது கடினத்தை மட்டுமல்ல. நேர்த்தி, உயரம், இறக்கம் எல்லாமும்தான். பனியில் கை ஊன்றி எழுந்த ஐந்து சுற்றுக்கு அரங்கம் எழுந்து நின்று ஆரவாரிக்கலாம், மதிப்பெண் எழுந்து நிற்பதில்லை.

அக்டோபரில் நம்மவர் மேடை ஏறுவது அபூர்வம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகக் கோப்பையில் முதலிடத்துக்கு 100 புள்ளி, ஆறாமிடத்துக்கு 40. ஒன்றை வென்றுவிட்டு அடுத்த இரண்டில் தோளில் கட்டோடு வீட்டில் இருப்பவருக்கு 100. மூன்றிலும் ஆறாவதாக வருபவருக்கு 120. நம்மவரைப் பரிகாசம் செய்கிறவர்கள் இந்த இருபதை ஏனோ கூட்டிப் பார்ப்பதே இல்லை.

பனித் தட்டுப்பாடு ஏதோ ஓர் ஆண்டின் துரதிர்ஷ்டம் என்று இன்னும் பேசுவதும் எனக்கு எரிச்சல். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் சைப்ரஸ் மலைக்கு லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி ஏற்றி, வைக்கோல் கட்டுகளின் மேல் போட்டுத் தளம் கட்டினார்கள். 2014 சோச்சியில் முந்தைய குளிர்காலப் பனியைப் போர்த்திப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2022 பெய்ஜிங் ஏறக்குறைய முழுக்க இயந்திரப் பனி. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ஸாஸ்-ஃபே, ஸ்டூபாய், ஹின்டர்டக்ஸ் என்று இலையுதிர்காலத்தில் இவர்கள் ஓடிப்போய்ப் பழகுவது ஆல்ப்ஸின் பனியாறுகளில்தான். மோசமான பனியில் ஆடத் தெரிவது இனிமேல் தனித்திறமைப் பட்டியலில் இல்லை, அடிப்படைத் தகுதிப் பட்டியலில் இருக்கிறது.

இனி ஜோசியம். டிசம்பர் முடியும்வரை நம்மவர் இறுதிச் சுற்றுகளில் இருப்பார், மேடையில் இருக்க மாட்டார், கிண்டலும் நிற்காது. ஜனவரியில் குளிர் இறுகி, ஓடுதளம் ஒருநாளைப் போல மறுநாளும் ஓடத் தொடங்கியதும், மறைத்து வைத்திருந்த 1800-ஐ இரண்டு திசையிலும் அவிழ்ப்பார். இப்போது பட்டியலின் உச்சியில் இருப்பவர்களில் இருவராவது மார்ச்சில் ஆட்டத்தில் இருக்க மாட்டார்கள். அவர்கள் நலமாக இருக்கட்டும், ஆனால் அவர்கள் இறங்கும் விதம் அதைத்தான் சொல்கிறது. மார்ச் கடைசியில் நம்மவர் முதல் மூவரில் ஒருவர்; எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கிக் கடக்கும் கம்பிகளான ரெயில்களும் தாவுதளங்களும் அடுத்தடுத்து வரும் ஸ்லோப்ஸ்டைலில் மாற்றம் இன்னும் பெரிதாக இருக்கும். ரெயில் நட்டு வைக்கக் கொஞ்சம் பனி போதும், தாவுதளம் எழுப்ப மலையளவு வேண்டும். இரண்டு மூன்று சீசனுக்குள் தளம் கட்டுகிறவர்கள் ஒரு தாவலைக் குறைத்து இரண்டு ரெயிலைக் கூட்டுவார்கள். அன்றைக்கு மெத்தையில் மட்டும் வளர்ந்தவர்கள் முழிப்பார்கள். இறுதிச் சுற்று நடக்கும் அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் பயிற்சி வேண்டும் என்று வீரர்கள் கொடி பிடிப்பார்கள், சம்மேளனமும் முனகிக்கொண்டே இறங்கிவரும். பிரெஞ்சு ஆல்ப்ஸில் 2030-இல் ஒலிம்பிக் நடக்கும்போது பிப்ரவரியிலும் நவம்பர்ப் பனி கிடந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. தங்கம் இந்த வகை ஆளுக்குத்தான் போகும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று நடக்கும். அடுத்த அக்டோபரில் இளையவர்கள் இரண்டு மூன்று பேர் பயிற்சியின் கடைசி நிமிடத்தில் நேராகத் தாவி இறங்குவார்கள். வர்ணனைப் பெட்டி அதற்கு 'நவீன உத்தி' என்று பெயர் வைத்து, யார் முதலில் கண்டுபிடித்தது என்று அரைமணி நேரம் விவாதிக்கும். நம்மவர் பெயர் அதில் வராது.