ஆண்பனையும் எரிகோ மதிலும்

செய்யாற்றுக்குச் செல்லும் தோழர்கள் திருவோத்தூர்க் கோயிலில் கேட்டு வருவது பனைக் கதை. அடியார் ஒருவர் வளர்த்த பனைகள் அத்தனையும் ஆண்பனைகளாகிவிட்டனவாம், "இவற்றைக் காய்க்கச் செய்ய இயலுமோ?" என்று சமணர் எள்ளினராம், ஞானசம்பந்தர் பதிகம் பாட, ஆண்பனைகள் குலை தள்ளினவாம்! சான்று எங்கே என்றால், தலமரமாக நிற்கும் பனையைக் காட்டுகிறார்கள்.

கதை இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆகவே நிகழ்ச்சியும் உண்மை — இவ்வாதம் நம் நாட்டுப் புராணிகர்க்கு மட்டும் உரியதன்று. யோசுவாவின் படையினர் எக்காளம் ஊதி ஆர்ப்பரிக்க, எரிகோ நகரின் மதில் சரிந்தது என்கிறது யூதரின் மறைநூல். 1930-களில் அங்கு அகழ்ந்த கார்ஸ்டாங் என்பார், அந்த மதிலைக் கண்டேன் என்றார். மதவாதிகள் மகிழ்ந்தனர். 1952 முதல் 1958 வரை காத்லீன் கென்யன் அம்மையார் அதே மேட்டை அகழ்ந்தார். மண்ணடுக்கையும் பானை ஓட்டையும் கொண்டு கணித்ததில், அம்மதில் கார்ஸ்டாங் சொன்னதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது என்று தெரிந்தது. யோசுவா காலம் எனப் பலர் கொள்ளும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே வீழ்த்துவதற்கு மதிலே இல்லை!

அப்படியானால் அந்நூல் முழுவதும் பொய்யோ? அவசரப்படலாகாது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதேயாமீது படையெடுத்தான். எசேக்கியா மன்னன் செலுத்திய திறையில் பொன் 30 தாலந்து என்கிறது மறைநூல். சனகெரிப் களிமண்ணில் பொறித்து வைத்த ஆவணமும் பொன் 30 தாலந்து என்றே கூறுகிறது. வெள்ளிக் கணக்கில்தான் வேறுபாடு — இவர் ஏட்டில் 300, அவன் ஏட்டில் 800. எருசலேமைப் பிடித்ததாக அவனும் எழுதவில்லை. ஒரே இரவில் தேவதூதன் 1,85,000 அசீரியரைக் கொன்றான் என்பதோ மறைநூலில் மட்டும். பகைவர் இருவரும் ஒப்புவதை ஏற்கிறோம். ஒருவர் மட்டும் தம் பெருமைக்குச் சொல்வதை ஐயுறுகிறோம்.

இந்த உரைகல்லோடு திருவோத்தூருக்குத் திரும்புவோம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர்; சம்பந்தரோ 7-ஆம் நூற்றாண்டினர். ஆனால் சேக்கிழாரின் புனைவு என்று தள்ளவும் இயலாது. சம்பந்தரின் ஓத்தூர்ப் பதிகத்துக் கடைசிப் பாட்டிலேயே ஆண்பனை ஈன்ற செய்தி வருகிறது. கதை பழையது, ஐயமில்லை. எனினும் பாடியவர் வாக்கன்றி வேறு சாட்சி எங்கே? (பாளை விடும்வரை பனை ஆணா பெண்ணா என்று பனையேறிக்கே தெரியாது, அதற்குப் பத்தாண்டுக்கு மேலாகும். கதை இதிலிருந்து முளைத்திருக்கலாம். ஆனால் இது நம் ஊகமே.)

இனி நம் தோழர்களையே கேட்கிறோம். பனைக் கதைக்கு நகைப்போர், மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதை மட்டும் வரலாறு என்று மேடையில் முழங்குவது ஏன்? அதுவும் பெரியபுராணம் கூறுவதுதானே! சம்பந்தர் காலத்தவன் எனப் பலர் கொள்ளும் அரிகேசரியின் போர்களை வேள்விக்குடிச் செப்பேடு அடுக்குகிறது, கழுவைப்பற்றிப் பேச்சில்லை. 9-ஆம் நூற்றாண்டில் சித்தன்னவாசல் குடைவரையைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. சமணம் அழிந்ததாகச் சொல்லப்படும் மதுரையின் பெயரோடு, இருநூறு ஆண்டு கழித்து ஒரு சமண ஆசிரியர்!

பகை இருந்ததற்குச் சான்று வேண்டுமா? சம்பந்தர் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் பத்தாம் பாட்டைப் படித்தாலே போதும்; சமணர்க்கும் பௌத்தர்க்கும் வசையை அங்கே காணலாம். கொன்றார்கள் என்பதற்கு ஆதாரம் போதாது. கொன்றதாகச் சொல்லிப் பெருமை கொண்டார்கள் என்பதற்கு அவர்கள் ஏடே ஆதாரம். நாம் வழக்காட வேண்டியது அந்தப் பெருமையோடு.

செய்யாற்றை அடுத்த கரந்தையிலும் திருப்பனமூரிலும் சமணக் கோயில்கள் நிற்கின்றன; அவ்வட்டாரத்தில் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. பனையைக் காணச் செல்லும் தோழர்கள் அங்கும் சென்று, அவர்கள் இக்கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வரட்டும்.