ஐபுப்ரோஃபெனும் நெஞ்சுச் சீழும்: சான்றின் எடை

சளிக்காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஐபுப்ரோஃபென் கொடுத்தால், பின்னால் வரும் நிமோனியா முற்றி நுரையீரல் உறைக்குள் சீழ் கட்டும் வாய்ப்புக் கூடுமா? இதை ஆராய்ந்தவர்கள் பலரும் ஒரே இடத்தில் இடறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து 2002இல் வந்த ஆய்வு, நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்ந்த 540 குழந்தைகளை ஆராய்ந்து வலுவான தொடர்பைக் காட்டியது. ஆனால் சீழ் கட்டத் தொடங்கிய குழந்தைக்குக் காய்ச்சலும் நெஞ்சுவலியும் கடுமையாக இருக்கும். அதைத் தணிக்கவே மருந்து கொடுத்திருக்கலாம். மருந்தால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் மருந்து போனதா என்று அந்த முறையால் பிரித்தறிய இயலாது.

2016இல் முரியேல் லெ பூர்ஷ்வா குழுவினர் வெளியிட்ட பிரெஞ்சு ஆய்வின் சாதனை, இந்தக் குறையை நேராக எதிர்கொண்டதுதான். 15 மையங்கள், வைரஸ் தொற்றுக்குப் பின் சீழ் கட்டிய 83 குழந்தைகள், அதே வகைத் தொற்று வந்தும் சீழ் கட்டாத 83 குழந்தைகள். தொற்று தொடங்கி 72 மணி நேரத்துக்குள் கொடுத்த மருந்தையே கணக்கில் எடுத்தார்கள். காலவரிசையை இப்படிக் கறாராக வரையறுத்ததால்தான் இந்த ஆய்வு முந்தையவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது. மருந்துக்கும் சீழுக்கும் இடையே கிடைத்த வாய்ப்பு விகிதம் (odds ratio) 2.79. அதன் நம்பக இடைவெளியோ 1.4 முதல் 5.58 வரை அகன்று கிடக்கிறது. திசை தெளிவு, அளவு தெளிவில்லை. தொடக்கத்திலேயே காய்ச்சல் கடுமையாயிருந்த குழந்தைக்குத்தான் ஐபுப்ரோஃபென் போயிருக்கும் என்ற ஐயமும் முழுதாக நீங்கவில்லை.

ஐபுப்ரோஃபென் பாதுகாப்பானது என்னும் மறுதரப்பு, 1995இன் பாஸ்டன் காய்ச்சல் ஆய்வைச் சுட்டும். 84,192 குழந்தைகள், குலுக்கல் முறைப் பகிர்வு: முறைமையில் மிக உயர்ந்தது. ஆனால் அது முதன்மையாகத் தேடியவை இரைப்பை-குடல் இரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு, ஒவ்வாமை அதிர்ச்சி, ரே நோய்க்குறி ஆகியவை. சீழைத் தேடிப் புறப்படாத ஆய்வை, சீழ் வராது என்பதற்குச் சான்றாக்குவது தர்க்கப் பிழை.

2019 ஏப்ரலில் பிரான்ஸின் மருந்துப் பாதுகாப்பு முகமை எச்சரித்தபோது, 2000 முதல் பதிவான ஐபுப்ரோஃபென் தொடர்புள்ள 337 தொற்றுச் சிக்கல்களை முன்வைத்தது. மருந்தை உட்கொண்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லாதவரை, அந்த எண் அபாயத்தின் அளவைச் சொல்லாது.

ஆக, காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை, ஐயம் நியாயமானது. ஆனால் கோட்பாட்டை நிறுவத் தேவைப்படும் சான்று வேறு, குழந்தைக்கு மருந்து தேர்ந்தெடுக்கப் போதுமான சான்று வேறு. பாராசிட்டமால் கையிலிருக்க, இந்த அளவு ஐயமே போதும். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் கலந்த சிரப் நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதால் இது நமக்கும் பொருந்தும். நெஞ்சுச்சளியும் காய்ச்சலுமாக இருக்கும் குழந்தைக்கு, மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஐபுப்ரோஃபென் கொடுக்க வேண்டாம். மூச்சு வாங்கினால் எந்தச் சிரப்பையும் நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.