மறுபடியும் (திரைப்படம்)

மறுபடியும், பாலு மகேந்திரா இயக்கத்தில் 1993-ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்த் திரைப்படம். மகேஷ் பட் 1982-இல் இந்தியில் இயக்கிய ‘அர்த்’ படத்தின் மறு ஆக்கம் இது. ரேவதி, நிழல்கள் ரவி, ரோகிணி, அரவிந்த்சாமி ஆகியோர் நடித்துள்ளனர். இசை இளையராஜா. கணவன் செய்த துரோகத்துக்குப் பின் மனைவி எடுக்கும் முடிவே படத்தின் மையம்.

கதைச் சுருக்கம்

பெற்றோரின்றி வளர்ந்தவள் துளசி. திரைப்பட இயக்குநரான அவள் கணவன் முரளி, நடிகை கவிதாவுடன் உறவு கொண்டு, அதை மனைவியிடம் மறைக்கிறான். உண்மை வெளிப்பட்டதும் அவன் கவிதாவிடம் போய்விடுகிறான். துளசி பெண்கள் விடுதியில் தங்கி வேலை தேடுகிறாள். பாடகன் கௌரிசங்கர் அவளுக்கு நல்ல நண்பனாகிறான். மனநலம் குன்றிய கவிதா, குற்ற உணர்ச்சி தாளாமல் முரளியை விலக்குகிறாள். அவன் துளசியிடமே திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான்.

மதிப்பீடு

தமிழ் மரபில் கணவன் மனைவி பிணக்குக்கு ‘ஊடல்’ என்று பெயர். பரத்தையிடம் சென்று வந்த தலைவனுக்குத் தலைவி வாயில் மறுப்பது மருதத் திணையின் உரிப்பொருள். எனினும் அக்கதவு பெரும்பாலும் இறுதியில் திறந்துவிடும். மாதவியைப் பிரிந்து வந்த கோவலனைக் கண்ணகி ஏற்றுக்கொண்டு, சிலம்பையும் தருகிறாள். திருவண்ணாமலையில் தை இரண்டாம் நாள் நடக்கும் திருவூடல் விழாவில், பிருங்கி முனிவர் பொருட்டு அம்மன் சுவாமியோடு பிணங்குகிறாள். காரணம் வேறானாலும் முடிவு ஒன்றே: சுவாமி கிரிவலம் வந்தபின் மறுவூடலில் இருவரும் சேர்கின்றனர். ஊடலைக் காணத் திருவூடல் தெருவில் கூட்டம் கூடும்.

இந்த மரபில் வந்த பார்வையாளர் துளசியும் மன்னிப்பாள் என்றே எதிர்பார்ப்பார். அவளோ ஒரு கேள்வி கேட்கிறாள்: இதே தவற்றைத் தான் செய்து திரும்பியிருந்தால் ஏற்றுக்கொள்வாயா? ஆம் என்று சொல்ல முரளியால் இயலவில்லை. மன்னிப்பு ஒருவழிப் பாதையாக இருக்கும்வரை அது அன்பு ஆகாது என்பதை இக்காட்சி உரத்த வசனமின்றி உணர்த்துகிறது. ரேவதியின் நிதானம் இதற்குப் பெருந்துணை. கௌரிசங்கரின் திருமண விருப்பத்தையும் துளசி மறுத்து, குடிகாரக் கணவனைக் கொன்று சிறை சென்ற பணிப்பெண்ணின் மகளை வளர்க்க முன்வருகிறாள். ‘மறுபடியும்’ என்ற தலைப்பு உறவைக் குறிக்கவில்லை. அவள் வாழ்வையே குறிக்கிறது.

குறைகளும் உண்டு. கவிதாவின் மனநோய் கதையை முடிக்க உதவும் கருவியாகிவிட்டது. இரு பெண்களும் துன்பப்பட, ஏமாற்றிய ஆணின் மனம் ஆழமாக ஆராயப்படவில்லை. ரோகிணியின் நடிப்பே கவிதாவை வில்லி ஆகாமல் காக்கிறது.

மன்னிப்பதைப் பெண்ணின் கடமையாக்கிய படங்கள் தமிழில் பல. மன்னிக்க மறுப்பதும் அவளது உரிமை என்று அமைதியாகச் சொன்ன வகையில் இப்படம் தனித்து நிற்கிறது.