பேஸ் கிற்றாரும் தோட்டத்துத் தப்பும்

பேஸ் கிற்றார்க் கலைஞருள் தலைசிறந்தவர் யாவர் என்னும் வினா எழுமிடத்து, விரல்களின் விரைவையே அளவுகோலாகக் கொள்வோர் பலர். அவ்வளவுகோல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் கருவியின் இயல்பை நோக்குவாம். அமெரிக்கரான லியோ பெண்டர் 1951 இல் வெளியிட்டுப் பரவச் செய்த மின்பேஸ் கிற்றார் நான்கு தந்திகளை உடையது. அவை சாதாரண கிற்றாரின் தாழ்ந்த நான்கு தந்திகளினும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பன. பாட்டின் சுரங்களுக்கு அடித்தளமிடுதலும், அவற்றைத் தாளத்தோடு பிணைத்தலும் இக்கருவியின் தொழில்களாம். அது ஒலிக்குங்கால் நாம் பாடகரையே கேட்கின்றோம். அது நின்றுவிடினோ பாட்டே நிலைகுலைகின்றது.

1960 களில் டெற்றோயிற் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டினார். தோழர் அவ்விரலைக் 'கொக்கி' என்றழைத்தனர். பாட்டின் போக்கறிந்து, குரலுக்கு இடம்விட்டு, எஞ்சிய இடத்தில் மட்டுமே அவர் அழகு செய்தார். ஆயினும் நெடுங்காலம் இசைத்தட்டின் உறைகளில் அவர் பெயர் அச்சேறவில்லை. 1971 இல் வெளிவந்த மார்வின் கேயின் தொகுப்பொன்றே அவர் பெயரைச் சிறப்பித்து வெளியிட்டது.

'ஜாக்கோ பஸ்தோரியஸ் தம் கருவியைத் தனித்தே பாட வைத்தாரன்றோ?' எனச் சிலர் வினவலாம். உண்மையே. எனினும் 1976 இல் ஜோனி மிற்செலின் 'ஹெஜிரா' தொகுப்பில் அவர் வாசித்ததைக் கேட்போர், அக்குரலுக்கு மறுமொழி கூறும் மற்றொரு குரலையே கேட்பர். ஆங்கு மேலோங்குவது விரைவன்று, செவிக்கூர்மையே.

இவ்வுண்மை நமக்குப் புதியதன்று. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் தண்ணுமை ஆசிரியனுக்கு வகுத்த இலக்கணமும் இதுவே. யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் இசைவனவற்றைக் கேட்டு, அவற்றை மிஞ்சாது எழுப்பவும் அடக்கவும் அறிந்தவனே அவன்.

ஏடு காணாதோரும் இதனை அறிவர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் திருவிழாக் காலத்துத் தப்பு முழங்கக் கேட்டோர் பலர். தீயிற் காய்ச்சி முறுக்கேற்றிய தோலில், தடித்த குச்சி ஆழ்ந்த அடியையும், நீண்டு மெலிந்த குச்சி துள்ளும் ஓசையையும் எழுப்பும். மெலிந்த குச்சியின் வேகம் சிறுவரை மயக்கும். ஆடுவோர் கால்களோ தடித்த குச்சியையே நம்பி நிற்கும். ஆடுவோர் களைத்துழி அடியைத் தளர்த்தி, அவர் எழுங்கால் உடனெழுப்புபவரே நல்ல தப்புக்காரர். ஜேமர்சனின் சுட்டுவிரல் செய்ததும் இதனின் வேறன்று.

ஜேமர்சனின் பெயராவது காலந்தாழ்த்தேனும் அச்சேறிற்று. நம் தோட்டத்துத் தப்புக்காரர் பலரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. தாங்கும் ஒலியைக் கவனியாத செவியின் குறை மட்டுமன்று இது. தப்படித்தலை இழிதொழிலென ஒதுக்கிய சாதிநோக்கின் குறையுமாம். அந்நோக்கிற்கு அஞ்சியே இளைஞர் சிலர் அக்கருவியைக் கைவிடுகின்றனர்.

ஆதலின் மாணவர் விடுமுறையில் தம்மூர் சென்று, தப்புக் கலைஞரின் பெயர்களையும் அவர் அறிந்த அடிவகைகளையும் எழுதி வருவாராக. அயலவருள் சிறந்தவர் யாவரென ஆராயும் தகுதி அதன்பின்னரே நமக்கு உரியதாகும்.