சாந்திநிகேதனத்து வசந்தம்

வங்காளத்துச் செம்மண் பூமியில், போல்பூருக்கு அருகே, சாந்திநிகேதனத்தில், 1901-ஆம் ஆண்டில் கவி ரவீந்திரநாதர் மிகச் சில பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி, பாட பவனம் என்ற பெயரோடு, இன்றும் மரநிழலையே வகுப்பறையாகக் கொண்டு விளங்குகிறது. பலாச மரங்கள் இலையுதிர்த்து அக்கினி வர்ணத்தில் பூத்துக் குலுங்கும் பால்குனப் பருவத்தில், மஞ்சள் ஆடை புனைந்த பாலர்களும் பாலிகைகளும் குருதேவர் ரவீந்திரநாதரின் வசந்த கீதங்களைப் பாடியவாறே அணியணியாக ஆடி வருவதும், ஆட்டம் ஓய்ந்தபின் ஒருவர்க்கொருவர் வண்ணப்பொடி பூசி மகிழ்வதும், எத்தனை ஆடம்பரமான பரிசளிப்பு விழாவிலும் நான் காணாத சௌந்தரியம்! அந்தப் பிள்ளைகளின் சங்கீதமும் நிருத்தியமும் பாடத்துக்குப் புறம்பான அலங்காரங்கள் அல்ல. கணிதத்தைப் போலவும் சரித்திரத்தைப் போலவும் பயின்று வருகின்ற வித்தைகளே ஆதலால், அவர்களுடைய அடிவைப்பில் அவசரமோ அச்சமோ தென்படுவதில்லை.

இப்படிப் பயின்றவர்களின் சாதனையைப் பற்றிக் கேட்போர் இருக்கலாம். 1998-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற அமர்த்தியா சென் இந்த மரநிழலில் பயின்ற மாணவரே. போட்டியிட்டு முந்துவதைக் காட்டிலும் அறியும் ஆவலை வளர்ப்பதே அங்கே பிரதானமாக இருந்ததென்றும், மதிப்பெண்களில் நாட்டம் கொள்வதை ஆசிரியர்கள் விரும்பவில்லையென்றும் அவரே எழுதியிருக்கிறார்.